ஐம்பது மதிப்பெண்ணும் அமானிதமும்

தேர்வுகள் இருவகைப்படும். தேறியவருக்கு மட்டும் பயன் தருவது ஒருவகை. தேறியவரை நம்பிப் பிறர் தம் பொருளை ஒப்படைக்க வழி செய்வது மற்றொரு வகை. முதல் வகையில் ஒருவர் குறைவாகப் படித்தால் இழப்பு அவரோடு முடிகிறது. இரண்டாம் வகையில் அவ்வாறன்று. மருத்துவர் படியாமல் விட்ட பாடத்தின் விலையை நோயாளி கொடுக்கிறார். கணக்காளர் படியாமல் விட்ட பாடத்தின் விலையை, அவரை நேரில் கண்டேயிராத பங்குதாரரும் வைப்பாளரும் கொடுக்கின்றனர். ஆகவே, கணக்காளர் தேர்வுக்குக் குறுகிய காலத்தில் ஆயத்தமாவது எப்படி என்னும் கேள்வி, கால அட்டவணை பற்றியதாகத் தோன்றினும், உள்ளே ஓர் அறக்கேள்வியைச் சுமந்து நிற்கிறது. அதனை ஈண்டுச் சிந்திக்க முற்படுகிறோம்.

நெல்லைச் சீமைக்கு இக்கேள்வி அயலானதன்று. பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். தூய யோவான், தூய சவேரியார் கல்லூரிகளிலும், 1971இல் தோன்றிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியிலும் பயின்று வெளிவரும் இளைஞருள் பட்டயக் கணக்காளராகும் கனவு உடையோர் பலர். வாணிபத்தில் பழகிய மேலப்பாளையத்துக்கும் காயல்பட்டினத்துக்கும் பேரேடும் சிட்டையும் புதியனவல்ல. ஆயினும், ஒரு கம்பெனியின் கணக்கைச் சரிபார்த்து, 'இது உண்மையும் நேர்மையுமான நிலையைக் காட்டுகிறது' என்று கையொப்பமிடும் உரிமை அத்தேர்வில் தேறியவருக்கே உண்டு.

அத்தேர்வின் அமைப்பைச் சற்று நோக்குவோம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் இதனை நடத்துகிறது. 2023இல் வந்த புதிய திட்டப்படி, அடிப்படைத் தேர்வுக்கு நான்கு மாதப் படிப்பு. இடைநிலைத் தேர்வுக்கு எட்டு மாதம். அதன்பின் ஒரு கணக்காளரிடம் இரண்டு ஆண்டுப் பயிற்சி. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்தே இறுதித் தேர்வு. எட்டு மாதம் என்பது ஏறத்தாழ 240 நாள். இடைநிலைத் தேர்வின் ஆறு தாள்களுக்கும் பங்கிட்டால் தாளுக்கு 40 நாள் வரும். மீண்டும் படித்துப் பார்ப்பதற்கு மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கினால் எஞ்சுவது 26 நாளே. வருமான வரியும் சரக்கு சேவை வரியும் சேர்ந்த ஒரு பெரிய தாளை இருபத்தாறு நாளில் முடிக்க வேண்டும். அதற்குள்ளேதான் காய்ச்சலும், வீட்டுத் திருமணமும், மின்வெட்டும், மனச்சோர்வும் அடங்கும். இரவு பகலாக உழைத்தாலும் அனைத்தையும் ஆழ்ந்து கற்பது பெரும்பாலோர்க்கு இயலாது. சிலவற்றை விட்டே ஆகவேண்டும்.

இவ்விடத்தில் தேர்வு விதி ஓர் இடுக்கு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40 பெறவேண்டும். தொகுதியின் மொத்தத்தில் பாதி பெறவேண்டும். அவ்வளவே. உடனே கணக்கு போடும் புத்தி விழித்துக்கொள்கிறது. எந்த அத்தியாயத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும், எது சென்ற முறை வந்துவிட்டது, எதை விட்டாலும் ஐம்பது தேறும் என்று மாணவர் கூடிப் பேசுகின்றனர். நூலின் பாதி இவ்வாறே தள்ளப்படுகிறது. இது அறமாகுமா?

ஆகாது என்பர் ஒரு சாரார். அறியாததை அறிந்தவர்போல் கையொப்பமிடுவது பிறரை ஏமாற்றுவதேயாம் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் இதனை அப்படியே ஏற்றால், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இத்தொழில் கிட்டும். மூன்று ஆண்டு வீட்டிலிருந்து படிக்க வசதியுள்ளவர் அனைத்தையும் படிக்கலாம். காலையில் தந்தையின் கடையைத் திறந்துவிட்டு மாலையில் நூலைத் திறப்பவர் என்செய்வார்? நேரமில்லாதவரை நேர்மையில்லாதவர் என்று தீர்ப்பளிப்பது நீதியாகாது.

தேர்வு விதியே பாதி போதும் என்கிறபோது மேற்கொண்டு கேட்பது வீண் என்பர் மற்றொரு சாரார். இவர்கள் விதியின் எல்லையை மறந்துவிடுகின்றனர். தேர்வு நடத்துவோர் ஒரு மனிதரின் அறிவை முழுவதும் அளந்துவிட முடியாது. ஆதலால் எங்கேனும் ஒரு கோடு கிழிக்கின்றனர். அக்கோடு உள்ளே நுழைவதற்குரிய வாயிற்படி. நுழைந்தபின் நம்மிடம் வருவோர், படியின் உயரத்தைப் பார்த்து வருவதில்லை. முழுவதும் அறிந்தவர் என்று நம்பியே வருகின்றனர். அந்நம்பிக்கைக்கு நாம் யாது விடை சொல்வோம் என்பதை எந்த விதியும் நமக்காகத் தீர்த்துத் தராது.

இருசாரார்க்கும் இடையே ஒரு வழியை நம் தாமிரபரணியே காட்டுகிறது. இவ்வாற்றில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. பாபநாசத்தில் நீர் குறைந்த ஆண்டில் கார் சாகுபடிக்கு முழு நீர் கிடைப்பதில்லை. எல்லா வயலையும் நனைக்க முடியாதென்பது உழவர் அறிந்ததே. அதற்காக யாரையும் யாரும் பழிப்பதில்லை. பழி எப்போது வருகிறது? தலைமடையில் உள்ளவர் வேண்டுமட்டும் பாய்ச்சிக்கொண்டு, கடைமடையைக் காயவிடும்போது வருகிறது. மாணவரின் நேரமும் அவ்வாறே ஓடுகிறது. முதல் அத்தியாயங்களுக்கு நாள்கள் தாராளமாகப் பாய்கின்றன. அவை எளியவை, முன்பே பழகியவை, படிக்கப் படிக்க மகிழ்ச்சி தருபவை. நூலின் கடைசிப் பகுதி வறண்டு கிடக்கிறது. நேரம் குறைவு என்பது இறைவன் விதித்த நிலை. குறைந்த நேரத்தை எளியதற்கே கொடுத்துவிட்டுக் கடினமானதை விடுவது நாமே செய்யும் பங்கீடு. அப்பங்கீட்டிற்கு நாமே பொறுப்பு.

ஆகவே எதை விடுவது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எது தேர்வில் வரும் என்பது ஓர் அளவுகோல். அதனை முற்றும் ஒதுக்க வேண்டியதில்லை. எதை அறியாவிட்டால் பிறர் பொருளுக்குக் கேடு நேரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர், மதிப்பெண் குறைந்த பகுதியானாலும் பிறர் காப்புக்கு இன்றியமையாததை விடமாட்டார்.

பிறர் பொருள் என்பதை வெறும் சொல்லாகக் கொள்ளலாகாது. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, மூலதனம் பத்து இலட்சம் ரூபாய் என்றும், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்றும் வகுக்கப்பட்டது. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் தந்தார். அவர் போன்ற பெருவணிகர் கம்பெனியின் நடப்பைத் தாமே கேட்டறிய முடியும். ஒரே ஒரு பங்கு வாங்கி 25 ரூபாயை அனுப்பிய ஒருவர் எந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்க முடியும்? கூட்டு மூலதனம் எங்கு உண்டோ அங்கெல்லாம் இத்தகைய சிறுபங்காளர் உண்டு. அவருடைய கண்ணாக இருப்பதற்கே தணிக்கையாளர் வைக்கப்படுகிறார். இதனையே நம் மரபு அமானிதம் என்று அழைக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதையும், அதில் எழுதுபவரின் நீதி சிறப்பாக வற்புறுத்தப்படுகிறது என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

இந்த அமானிதம் பிழைபட்டால் விளைவது என்ன என்பதை 2009ஆம் ஆண்டு நாடு கண்டது. சத்யம் நிறுவனத்தின் தலைவர் அவ்வாண்டு ஜனவரி 7ஆம் நாள் எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வங்கிகளிடமிருந்து இருப்பை உறுதிசெய்து பெறும் முறை சரிவரப் பின்பற்றப்படவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் குறித்தது. வங்கி இருப்பை வங்கியிடமே கேட்டுச் சரிபார்ப்பது தணிக்கை நூலின் தொடக்கப் பாடம். அதனை அறியாதவர் அத்தொழிலில் எவரும் இலர். அறிவு இருந்தும் அது செயலுக்கு வரவில்லை. 'பார்வைக்கு இது போதும்' என்று நின்றுவிடும் மனப்பழக்கம் எவரிடத்தும் ஒரே நாளில் முளைப்பதன்று. தேர்வுக்கு ஆயத்தமாகும் மாதங்களிலேயே அது வித்திடப்படலாம் என்பதே நம் அச்சம்.

அப்படியாயின், எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாத நேர்மையான மாணவர் செய்யத்தக்கது யாது? அவர் கற்கும் கலையே விடை தருகிறது. ஒரு வணிகர் கொடுக்க வேண்டிய கடனை இன்று கொடுக்க இயலாமற் போவது குற்றமன்று. அக்கடனை ஏட்டில் எழுதாமல் மறைப்பதே குற்றம். எழுதப்பட்ட கடன் ஐந்தொகையில் நின்று, கொடுக்கும் நாள்வரை நம்மைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். எழுதப்படாத கடனோ லாபம் போல் தோன்றி ஏமாற்றும். படியாமல் விட்ட அத்தியாயமும் ஒரு கடனே. தேர்வில் தேறியதால் அது தள்ளுபடி ஆகிவிடாது.

ஆதலின் ஒவ்வொரு மாணவரும் தம் குறிப்பேட்டின் இறுதியில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, 'நாம் விட்டவை' என்று தலைப்பிட்டு, விட்ட பகுதிகளை நாள் குறித்து எழுதிவரலாம். எளிய செயல்தான். ஆனால் அப்பக்கம் மூன்று நன்மைகளைச் செய்யும். இன்று எதை விடுகிறோம் என்பதைத் தெளிந்து விடச் செய்யும், நழுவவிடுவதற்கு இடந்தராது. பயிற்சிக் காலத்தில் அப்பகுதி வேலையாக எதிர்ப்படும்போது, மூத்தவரிடம், 'இது எமக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள்' என்று கேட்கும் பணிவைத் தரும். கையொப்பமிடும் உரிமை வந்தபின், தெரியாத பொருளில் பேனாவை எடுக்காமல் தடுக்கும். இக்கடனை நிறுவனமும் ஒருவாறு ஏற்றுக்கொண்டிருக்கிறது. தொழில் நடத்தும் உறுப்பினர் மூன்றாண்டுத் தொகுதி ஒன்றுக்கு 120 மணி நேரம் தொடர்ந்து கற்க வேண்டும் என்ற விதி, தேறியவரும் மாணவரே என்பதற்குச் சான்றன்றோ?

நேரத்தின் மீது உரிமை கொண்டாடும் கடன்காரர் நூல் ஒன்று மட்டுமன்று என்பதையும் மறத்தலாகாது. உடலுக்கு உறக்கம் கொடுக்க வேண்டும்; பெற்றோருக்கு ஒரு சொல்லேனும் கொடுக்க வேண்டும்; அண்டை அயலாருக்கும் பங்குண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் இவ்வாறு பெருகிக் கரை கடந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அடிப்படைத் தேர்வு தொடங்கும் நாளோ டிசம்பர் 31. வீட்டிற்குள் சேறு, வெளியே உதவி கேட்கும் குரல், முன்னே பதின்மூன்று நாள். அந்நிலையில் ஒருவர் நூலை மூடிவிட்டு அயல்வீட்டு முதியவரைத் தூக்கச் சென்றால், இழந்த நாளுக்காக வருந்தத்தான் செய்வார். ஆயினும் அவர் செய்தது கடமையே. பிறருடைய பொருளைக் காக்கக் கற்பவர், கண்முன் பிறருடைய உயிர் தத்தளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாரானால் அக்கல்வி எதற்கு? கால அட்டவணை வகுப்போர், ஒரு நாள்கூட மிச்சமின்றி வகுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கும் இது ஒரு பாடம். வெறுமையாக விடப்பட்ட ஐந்தாறு நாள்கள் சோம்பலின் அடையாளமாகா. ஐயக் கடனுக்கு வணிகர் செய்யும் ஒதுக்கீட்டைப் போன்றவை அவை.

காலமும் சூழலும் பகையாயின என்று சோர்வோருக்கு ஓர் அம்மையாரின் வரலாறு ஆறுதலளிக்கும். இந்தியாவின் முதற்பெண் கணக்காளராகிய ஆர்.சிவபோகம் தமிழ்நாட்டவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற காலத்தில் இப்படிப்பை மேற்கொள்ள முடிவு செய்தவர். 1933இல் அரசின் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். ஆயினும் சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெறலாகாது என்ற விதி குறுக்கே நின்றது. வழக்காடி வென்று, 1937இல்தான் தனியே தொழில் தொடங்கினார். பின்னாளில் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமையும் ஏற்றார். தேறியதற்கும் தொழில் தொடங்கியதற்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன. நம் மாணவர் ஒரு முறை தவறினால் நான்கு மாதம் போயிற்றே என்று கலங்குகின்றனர். அக்கலக்கம் இயல்பே. ஆனால் பிறருடைய நம்பிக்கையைத் தாங்கும் தோள்கள் உரம்பெறச் சில ஆண்டுகள் கூடுதலாக ஆவதில் இழிவு ஏதுமில்லை.

நம் இளைஞர்கள் இத்தேர்வில் மிகுதியாகத் தேற வேண்டும் என்பதே நம் அவா. குறுகிய காலத்தில் தேற வேண்டும் என்பதிலும் நமக்கு மறுப்பில்லை. வறுமை நெடுங்காலம் காத்திராது. ஐம்பது பெற்றுத் தேறியவரையும் மனமார வாழ்த்துவோம். வாழ்த்தும்போது ஒன்று மட்டும் கேட்போம்: எஞ்சிய ஐம்பதை உங்கள் ஏட்டில் எந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்? அப்பக்கத்தை நமக்குக் காட்ட இயலும் கணக்காளரிடம் பள்ளிவாசல் கணக்கையும், கூட்டுறவுச் சங்கக் கணக்கையும், விதவையின் வைப்புப் பணத்தையும் நாம் அச்சமின்றி ஒப்படைக்கலாம்.