சுவரும் விரதமும்



அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் பிராஸ்டு 1914ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கற்சுவரைச் செப்பனிடுவது பற்றிய கவிதை ஒன்றுண்டு. இளவேனில்தோறும் அண்டை நிலத்தார் இருவர், சுவரின் இருபுறமும் நடந்தவாறே, சரிந்த கற்களை எடுத்து அடுக்குகின்றனர். மேய்ந்து அழிக்க மாடும் இல்லை. பிறகு சுவர் எதற்கு என்று ஒருவர் ஐயுறுகின்றார். மற்றவரோ தந்தை சொன்ன பழமொழியையே திரும்பவும் சொல்லுகின்றார். இதனைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் பலரும் ஐயுறுபவர் பக்கமே மாணவரைச் சாய்த்துவிடுவர். அருகன் அறம் அத்துணை எளிதில் சாய்வதில்லை.

நம் இல்லறமே எல்லை வகுப்பதில்தான் தொடங்குகின்றது. இத்திசையில் இதற்கப்பால் செல்லேன் என்பது திசை விரதம். நிலமும் மனையும் இவ்வளவே போதும் என்பது பொருள் வரைதல். இவ்விரதத்தின் அதிசாரங்களை விரிக்குமிடத்து வடநாட்டு உரையாசிரியர் நுட்பமான ஒன்றைச் சுட்டுவர். ஒரு வீடே போதுமென நோன்பேற்றவன், அடுத்த வீட்டையும் வாங்கி, இடைச்சுவரை இடித்துவிட்டு, 'இப்போதும் ஒரு வீடுதானே' என்பானாயின், அதுவும் குற்றமே. இடிப்பதெல்லாம் அன்பாகிவிடாது! விரதத்தின் எல்லை நம் ஆசையைச் சுற்றி வரையப்படுவது. அதனால் அண்டையார் எதையும் இழப்பதில்லை. அவர் நடக்கும் வழியை மறித்து எழுப்பும் சுவரோ வேறு.

அத்தகைய சுவர் மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் இருந்தது. 1989ஆம் ஆண்டுச் சாதிக் கலவரத்தை அடுத்து எழுந்தது அது. 2008 மே 6 அன்று மாவட்ட நிருவாகம் ஒரு பகுதியை இடித்துத் தலித் மக்களுக்கு வழி திறந்தது. அது பொறாத சிலர் ஊரைவிட்டே வெளியேறி மலையடிவாரத்தில் தங்கினர். அம்மக்கள் முத்தாலம்மன் கோயிலுள் சென்று வழிபட்டது 2011 நவம்பரில்தான். சுவரில் வழி பிறந்த பின்னும் மூன்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் வாழும் கோட்டக்குப்பமும் எல்லையூரே. ஒருபுறம் ஆங்கிலேயர் ஆட்சி, மறுபுறம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி என்றிருந்த நிலை போய், 1954 நவம்பர் 1 முதல் புதுச்சேரி இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. இன்று முத்தியாலுப்பேட்டையிலிருந்து நடந்து வருபவர், தமிழ்நாட்டுள் கால் வைத்ததைக் கடைப் பலகையைப் பார்த்தே அறிவர். வடக்கே மரக்காணத்து உப்பளங்களிலும் வரப்புக்குக் குறைவில்லை. ஆயினும் வாய் திறந்து உப்புநீர் பாத்திக்குப் பாத்தி செல்லாவிடின் அங்கே உப்பு விளையாது.

தசலட்சணப் பருவம் முடிந்ததும் பொறுத்தருள வேண்டுகின்றோம். யாரிடம்? பெரும்பாலும் கோயிலுக்கு வரும் நம் சுற்றத்தாரிடமே. சுற்றுச்சுவருக்கு அப்பால் வாழும் இசுலாமியக் குடும்பமும் மீனவக் குடும்பமும் நம் சொல்லால் ஓராண்டு முழுதும் புண்படவே இல்லையா? வரும் பருவத்தில், கோயிலினின்று திரும்பும் வழியில், அவர்கள் வாயிலிலும் நின்று அச்சொல்லைத் தமிழிலேயே சொல்லுவோம்.