பிரிவுக் காலத்தில் வீடு யாருக்கு?

கணவனும் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று தீர்மானித்த நாளுக்கும், நீதிமன்றம் அவர்களுடைய வழக்கை முடித்துவைக்கும் நாளுக்கும் இடையே பல வருஷங்கள் கழிந்துவிடக்கூடும். ஆனால் குழந்தைகள் இன்றிரவு எங்கே உறங்குவது, ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துவது, வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது என்னும் கேள்விகள் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருப்பதில்லை. பணம் போட்டவருக்கே வீடு என்பது ஒரு நியாயம். பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், அங்கே வளரும் குழந்தைகளின் தேவை தீரும்வரை, அவர்கள் பொருட்டு இரு பெற்றோரின் பொறுப்பிலும் இருக்கும் சொத்து அது என்பது மற்றொரு நியாயம். இரண்டாவதே தர்மம் என்பதில் சந்தேகமில்லை. அதை அனுஷ்டிப்பதுதான் அரிது.

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் அது அரிதாவதற்குக் காரணம் உண்டு. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் சம்பளம் வாங்குவோர், நிலக்கோட்டையில் பூ விளைவிப்போர், சின்னாளபட்டியில் சேலைத் தொழில் செய்வோர் ஆகிய பலருக்கு வீடென்பது, தகப்பனார் பெயரிலுள்ள மனையில், மகனுடைய சம்பாத்தியத்தையும் மருமகளின் நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து எழுப்பிய மாடியாகவே இருக்கிறது. மருமகள் கொடுத்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது. பிரிவு நேர்ந்ததும், பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது என்ற ஒரே வார்த்தையில் அவளும் குழந்தைகளும் தெருவில் நிற்க நேர்கிறது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், சொத்தில் பாத்தியதை இல்லாத மனைவிக்கும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அளித்தது. மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் அவ்வுரிமை செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அக்கருத்தை மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் முடிந்த கர்நாடக வழக்கொன்றில், கணவன் வாங்கிய மனை அவன் தந்தைக்கு விற்கப்பட்டு, பிறகு தாய்க்குத் தானமாகக் கைமாறியிருந்தது. முதியோர் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டு மருமகளை வெளியேற்றப் பெற்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மனைவி வழக்குத் தொடுப்பாள் என்று தெரிந்தவுடன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடித் தம்பி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைக்கும் குடும்பஸ்தர்கள், தாங்கள் ஏமாற்றுவது மனைவியை மட்டுமன்று, தங்கள் குழந்தைகளையும்தான் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

ஆயினும் முதியவர்களின் பக்கத்தைப் புறக்கணித்தல் ஆகாது. மகனுடைய தாம்பத்தியம் முறிந்ததற்கு எழுபது வயதுத் தாய் காரணமாக இல்லாமலிருக்கலாம். ஒரே சமையலறையில் இரு அடுப்புகள் எரியும் வீட்டில் அவளுடைய கடைசிக் காலத்து நிம்மதி குலைவதும் அநீதியே. அக்டோபர்த் தீர்ப்பும் இந்தக் குடியிருப்பு உரிமை வரம்பற்றதன்று என்றும், இரு தரப்பாரின் நிலையையும் சீர்தூக்க வேண்டும் என்றும் கூறியது. அத்தகைய இடத்தில் பொருத்தமான வழி, குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கு அருகிலேயே வாடகை வீடு பார்த்து, அந்த வாடகையைக் கணவன் மாதந்தோறும் தவறாமல் செலுத்துவது. சட்டமும் இதற்கு இடம் தருகிறது. வீடு தம்பதிகளுடையதாகவே இருக்குமானால், அப்போது வெளியேற வேண்டியவர், போவதற்கு வேறிடம் உள்ள பெரியவரேயன்றிக் குழந்தைகளல்லர்.

பணத்தைப் பொறுத்தவரை, முதற்கடமை உண்மை பேசுவது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்தது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் கணவனுக்கும், தனக்கு வரும் கூலியை மறைக்கும் மனைவிக்கும் இது ஒருங்கே பொருந்தும். கூட்டுக் கணக்கிலிருந்து ஒருவர் இரவோடிரவாகப் பணத்தை எடுத்துவிடுவதும், தவணையை வேண்டுமென்றே நிறுத்தி வீட்டை வங்கியின் ஏலத்துக்குத் தள்ளுவதும் பழிவாங்குதலே. பழியைச் சுமப்பதோ பத்து வயதுப் பிள்ளை. சம்பாதித்தவர் யார் என்ற கேள்விக்குக்கூட விடை அத்தனை எளிதன்று. கணவன் வெளிநாட்டில் உழைக்க, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பேணிய ஒரு வழக்கில், வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டென்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் தீர்ப்பளித்தார்.

விற்றுப் பங்கிடுவதே நல்லதென இருவரும் ஒப்பினாலும் அவசரம் வேண்டியதில்லை. மைனர் குழந்தைக்குத் தனியாக உள்ள அசையாச் சொத்தை, நீதிமன்ற அனுமதியின்றி இயற்கைக் காப்பாளர்கூட விற்கலாகாது என்று 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் தடுத்திருக்கிறது. பெற்றோர் பெயரிலுள்ள வீட்டுக்கு அத்தகைய காவல் இல்லை. ஆகவே அந்தக் காவலைப் பெற்றோரே ஏற்க வேண்டியிருக்கிறது. மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் மார்ச் வரையிலாவது கிரயப் பேச்சை ஒத்திவைப்பதென்று இருவரும் கையெழுத்திட்டு, அதுவரை தவணையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம்.