தண்ணீர் ஊற்றும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இந்த வாரம் ஒரு கேள்வியைச் சிந்திப்போம். அல்லாஹ் நம் பொறுப்பில் தந்திருக்கும் பிள்ளையை, மாணவனை வளர்ப்பதில் எதுவரை நம் வேலை? எதற்கு மேல் நம் கையில் இல்லை?

இதற்கான விடையை அரபிக் கல்லூரியில் ஏழு வருடம் கிதாபுகளில் ஓதியவன்தான் நான். ஆனால் அது என் மண்டையில் ஏறியது பள்ளிவாசலின் பின்புறம், மூன்று பப்பாளிக் கன்றுகளுக்கு முன்னால் நின்றபோதுதான்.

*வாடிய கன்று*

ஒளூச் செய்த தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறதே என்று, ஹவ்ழுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் சிறு தோட்டம் போட்டேன். முருங்கைக் கொம்பு ஒன்று ஊன்றினேன். கறிவேப்பிலை வைத்தேன். பப்பாளிக் கன்றுகள் மூன்று. ஒரு மாதம் செழிப்பாக இருந்தன. பிறகு பப்பாளி இலைகள் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கின. வெயில் அதிகம், தாகத்தில் வாடுகிறது என்று நினைத்து, காலையில் ஒரு குடம் ஊற்றியவன் மாலையிலும் ஒரு குடம் ஊற்றினேன். இன்னும் வாடியது. இன்னும் ஊற்றினேன்.

நம் பள்ளியில் தொழ வரும் ஒரு பெரியவர், விவசாயம் பார்த்தவர். ஒருநாள் அஸருக்குப் பிறகு வந்து பார்த்தார். குனிந்து, விரலை மண்ணுக்குள் விட்டு எடுத்தார். விரல் முழுக்கச் சேறு.

"ஹஜ்ரத், இது தாகத்துல வாடல. தண்ணி தாங்காம வாடுது" என்றார்.

வேருக்குத் தண்ணீர் எப்படித் தேவையோ, அப்படியே காற்றும் தேவை என்று விளக்கினார். மண்ணில் தண்ணீர் தேங்கி நின்றால் காற்றுக்கு இடமில்லை. வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்திலேயே நின்றாலும் செடி வாடும். தாகத்தில் வாடும் செடியும், தண்ணீர் மிகுந்து வாடும் செடியும் மேலே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். தெரியாதவன் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடுவான். "ஊத்துறதுக்கு முன்னாடி மண்ணத் தொட்டுப் பாக்கணும் ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றில் இரண்டு கன்றுகள் செத்துவிட்டன.

*வாடிய மாணவன்*

சகோதரர்களே! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பப்பாளி அல்ல.

நம் மக்தபில் ஒரு சிறுவன் ஹிஃப்ழு ஓதிக்கொண்டிருந்தான். பத்து வயது. நல்ல நினைவாற்றல். நான்கு ஜுஸ்வு வரை தங்குதடையின்றி வந்தவன், ஐந்தாவதில் தடுமாறினான். நேற்று ஒப்புவித்ததை இன்று மறந்தான். 'கவனம் போதவில்லை' என்று முடிவு செய்து, ஃபஜ்ருக்குப் பிறகு அரைமணி நேரம் கூட்டினேன். இன்னும் தடுமாறினான். இஷாவுக்குப் பிறகும் உட்கார வைத்தேன். மற்றப் பிள்ளைகள் முன்னால் கடிந்தும் பேசினேன். அவன் தாயார் ஒருநாள் வந்து, "ஹஜ்ரத், புள்ள தூக்கத்துலயும் ஓதிட்டு, பயந்து பயந்து எந்திரிக்கிறான்" என்றார். "ஹாஃபிழ் ஆகணும்னா கஷ்டப்படத்தான் வேணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

தாகம் என்று நினைத்தேன். மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. தாயார் வந்து சொன்னபோதும் விரலை வைக்கவில்லை. என் நிய்யத்தில் குறை இல்லை என்பதையே எனக்கு ஆதாரமாக வைத்திருந்தேன். ஆனால் நல்ல நிய்யத்தோடு ஊற்றிய தண்ணீரிலும் செடி அழுகத்தான் செய்கிறது.

*தோட்டக்காரருக்காகப் பேசிய நபி (ஸல்)*

ஸஹீஹுல் புகாரியில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் நாம் அறிந்ததுதான். தண்ணீர் இறைக்கும் ஒட்டகங்கள் இரண்டை ஓட்டிக்கொண்டு, பகலெல்லாம் உழைத்த ஒருவர் இரவில் தொழுகைக்கு வருகிறார். முஆத் (ரலி) அவர்கள் நீண்ட சூராவை ஓதித் தொழவைக்கிறார்கள். அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. விலகிப் போய்விடுகிறார். முஆத் (ரலி) தம்மைக் குறை கூறியதாக அறிந்து, நபி (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறார். நபியவர்கள் யாரைக் கண்டித்தார்கள்? விலகிப் போனவரையா? இல்லை. குழப்பம் விளைவிக்கிறீரா என்ற கருத்தில் முஆத் அவர்களிடம் மூன்று முறை கேட்டார்கள். பின்னால் நிற்பவர்களில் முதியவரும் பலவீனரும் தேவையுள்ளவரும் இருக்கிறார்கள் என்று சொல்லி, சிறிய சூராக்களை ஓதச் சொன்னார்கள்.

ஓதப்பட்டது குர்ஆன். ஓதியவர் சிறந்த ஸஹாபி. ஆனாலும் தாங்குபவரின் நிலையைப் பார்க்காமல் கொடுத்தது தவறாகிவிட்டது. இந்த ஹதீஸை நான் எத்தனை முறை பயான் செய்திருக்கிறேன்! என் மக்தபில் அதை நான் பார்க்கவில்லை.

*குழி தோண்டுவது நம் வேலை*

அப்படியானால் விட்டுவிடலாமா? 'வளர்ப்பவன் அல்லாஹ், நாம் என்ன செய்ய?' என்று கையைக் கட்டிக்கொள்ளலாமா? அதுவும் தவறு. தண்ணீரே ஊற்றாமல் விட்டாலும் செடி சாகும்.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற, 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுத் தருவதாகவும், 40 ஊக்கியா தருவதாகவும் எஜமானரோடு ஒப்பந்தம் ஆகிறது. நபியவர்கள் தோழர்களை உதவச் சொல்கிறார்கள். ஒருவர் 30 கன்று, ஒருவர் 20, ஒருவர் 15, ஒருவர் 10 என்று தம்மால் முடிந்ததைக் கொண்டுவருகிறார்கள். குழிகளைத் தோண்டி முடித்துத் தம்மிடம் சொல்லுமாறு ஸல்மானிடம் நபியவர்கள் கூறுகிறார்கள். தோழர்களும் கூட நின்று தோண்டுகிறார்கள். பிறகு நபியவர்கள் வந்து தம் முபாரக்கான கரத்தால் கன்றுகளை நடுகிறார்கள். அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று ஸல்மான் (ரலி) சொல்வதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது.

நபியின் கரத்தின் பரக்கத் வரும் என்பதற்காகக் குழி தோண்டாமல் இருக்கவில்லை. குழி தோண்டிவிட்டோம் என்பதற்காக அந்த வளர்ச்சியைத் தங்கள் உழைப்பு என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

சூரா வாகிஆவில் அல்லாஹ் நம்மிடம் கேட்கிறான்: நீங்கள் விதைப்பதை முளைக்க வைப்பது நீங்களா, நாமா என்று. பிள்ளை விஷயத்தில் நமக்கு வரும் கோபம் பலநேரம் இந்தக் கேள்விக்கு 'நாங்கள்தான்' என்று பதில் சொல்லும் கோபம். 'என் மாணவன் தடுமாறலாமா? என் பிள்ளை மார்க் குறையலாமா?' சூரா கஹ்ஃபில் வரும் தோட்டக்காரன், இது ஒருபோதும் அழியாது என்று பெருமை பேசினான். அவன் தோட்டம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.

*இந்த வாரம் செய்ய வேண்டியது*

அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போனேன். அவன் தந்தை முன்னாலும் தாயார் முன்னாலும், "நான் உன்னைக் கேட்காமலேயே கூட்டிக் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள் தம்பி" என்றேன். அவன் ஹிஃப்ழைத் தொடரவில்லை. ஆனால் இப்போது அஸருக்கு வருகிறான். தொழுதுவிட்டு, மிஞ்சிய ஒற்றைப் பப்பாளிக்கு அருகே போய் நிற்கிறான். ஊற்றும் முன் விரலை மண்ணில் வைத்துப் பார்க்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் "இன்னைக்கு வேணாம் ஹஜ்ரத், ஈரமா இருக்கு" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சகோதரர்களே! உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் வாடியிருக்கலாம். படிக்காத மகன், பேசாமல் இருக்கும் மகள், சோர்ந்துபோன மனைவி. இன்னும் ஒரு உபதேசம், இன்னும் ஒரு டியூஷன், இன்னும் ஒரு கண்டிப்பு என்று ஊற்றும் முன், ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து "என்னம்மா, என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு முடிக்கும் வரை எழுந்துவிடாதீர்கள். ஈரம் இருந்தால் ஊற்றாமல் காத்திருங்கள். அப்படிக் காத்திருப்பதும் வளர்ப்பில் ஒரு பகுதிதான்.

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் நீ தந்தவர்களை மென்மையோடு வளர்க்க எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! எங்கள் அறியாமையால் வாடியவர்களை நீ உன் ரஹ்மத்தால் தளிர்க்கச் செய்வாயாக! ஆமீன்.