கைவேலையும் கைக்குரியோரும்

ஒருவரது உழைப்பை உவந்து ஏற்றுக்கொண்டு, அவரை மட்டும் ஏற்க மறுப்பது அறமாகுமா? இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் நிற்கும் நார்மானியர் அரண்மனை இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

அது ஒரே காலத்தில் எழுந்த மாளிகையன்று. 831-இல் நகரைக் கைப்பற்றிய அராபியர் காலத்துக் கோட்டை இருந்த இடத்தில், 1072-இல் வெற்றிகொண்ட நார்மானியர் தம் அரண்மனையை எழுப்பினர். பின்னர் வந்த ஸ்பானிய ஆளுநர்கள் முற்றங்களைச் சேர்த்தனர். 1947 முதல் சிசிலியின் சட்டமன்றம் அங்கே கூடி வருகிறது.

அரண்மனையின் இதயமாக விளங்குவது, இரண்டாம் ரோஜர் மன்னர் கட்டுவித்து 1140-இல் அர்ச்சிக்கப்பட்ட புனித பேதுருவின் சிற்றாலயம். அதன் குவிமாடத்தில், பொன்னிறச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய கிறிஸ்துவின் திருவுருவம் ஒளிர்கிறது. அது கிரேக்கக் கலைமரபு. நடுக்கூடத்தின் மரக்கூரையோ இசுலாமியக் கலைமரபு. தேன்கூடு போல அடுக்கடுக்காய் இறங்கும் அக்கூரையில் இசைவாணரையும் ஒட்டகங்களையும் காண்கிறோம். மன்னரை வாழ்த்தும் அரபு எழுத்துகளையும் காண்கிறோம். 1142-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, மன்னரின் கடிகாரத்தைப் பற்றி இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மும்மொழிகளிலும் பேசுகிறது.

இதனைச் சமய நல்லிணக்கத்தின் சின்னம் என்று பலரும் போற்றுவர். போற்றுவதில் தவறில்லை. ஆயினும் வரலாற்றின் அடுத்த ஏடுகளையும் நாம் புரட்ட வேண்டும். 1161-இல் மூண்ட கலகத்தில் பலெர்மோவின் இசுலாமியர் பலர் கொல்லப்பட்டனர். ரோஜரின் பேரரான இரண்டாம் பிரடெரிக், 1220-களில் தொடங்கி, தம்மை எதிர்த்துக் கிளர்ந்த இசுலாமியரைத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியப் பெருநிலத்தின் லுச்சேராவில் குடியேற்றினார். 1300-இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது. எஞ்சியோர் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். இவற்றைச் செய்தோர் கிறிஸ்துவின் பெயரைத் தாங்கியோரே.

கூரை நிலைத்தது, அக்கலைமரபுக்குரிய மக்கள் நிலைக்கவில்லை. அவர்தம் கைவேலை பீடத்தருகே இடம்பெற்றது. அவர்தம் மக்களுக்கோ அந்நாட்டில் இடமில்லாது போயிற்று.

அப்படியாயின் அந்த அழகு பொய்யா? அன்று. பல கைகள் கூடி ஒரே இல்லத்தை எழுப்ப இயலும் என்பதற்கு அது மெய்ச்சான்று. ஆனால் கலைகளை ஒன்றுகூட்ட அரசனின் ஆணையே போதும்; மனிதரை ஒன்றாக வாழவைக்க நீதி வேண்டும். ஆணை, அரசன் மறைந்ததும் ஓய்ந்துவிடும். நீதியோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கட்டவேண்டிய கட்டடம்.

நமது இல்லங்களையும் இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். நம் சுவரை எழுப்பியவர் நம் திண்ணையில் அமர முடிகிறதா? நம் பாத்திரங்களைத் துலக்குபவர் அதே பாத்திரத்தில் உண்ண முடிகிறதா? கைவேலைக்குக் கூலி கொடுத்ததோடு கடன் தீர்ந்தது என எண்ணுவோமாயின், பலெர்மோவின் அக்கூரை நம்மையும் நோக்கியே பேசுகிறது.