சான்றிதழில் ஒன்று, கோயிலில் ஒன்று

சேர்வராயன் மலையின் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில், ஒரே பெஞ்சில் முழங்காலிட்டு ஜெபிக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மலையாளி, இந்த மலையின் பழங்குடி. மற்றவருடைய தாத்தா காப்பித் தோட்ட வேலைக்காகச் சமவெளியிலிருந்து ஏறி வந்த தலித். முதலாமவர் ‘நான் கிறிஸ்தவன்’ என்று ஏற்காடு தாலுகா ஆபீசிலேயே உரக்கச் சொல்லலாம். பழங்குடிச் சான்றிதழுக்கு மதம் தடையில்லை. இரண்டாமவர் அதையே சொன்னால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்காது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி அப்படி. முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்ததை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரித்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். பட்டியல் சாதி இடஒதுக்கீடு போகும், தனித்தொகுதி போகும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் போகும். ஊர் அவரைப் பார்க்கிற பார்வை மட்டும் போகாது.

விசுவாசம் ஒன்றுதான். ஆனால் அதை வெளியே சொல்ல ஒருவருக்குச் செலவே இல்லை. இன்னொருவர் பிள்ளையின் படிப்பையே பணயம் வைத்தாக வேண்டும். ஒளிவுமறைவில்லாமல் வாழுங்கள் என்று மறையுரையில் கேட்கும்போதெல்லாம் இதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு தோட்டத்து லைன் வீட்டில் பார்த்தேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதன் கீழே காலண்டர் அளவுக்குச் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் அடுப்புப் புகை படிந்த பழுப்பு. மகளின் சாதிச் சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. விசாரிக்க வருகிறார் என்று, திருஇருதய ஆண்டவர் படம் போட்ட காலண்டரைச் சுருட்டி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார் அந்த வீட்டு அக்கா. “சாமிக்குத் தெரியும்ங்க. ஆபீசுக்குத் தெரிஞ்சாத்தான் கஷ்டம்” என்றார். காப்பிப் பழம் பறித்து விரலெல்லாம் கறுத்திருந்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் மகளுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தாள் அந்தப் பிள்ளை.

இந்த மறைப்பைப் புண்ணியம் என்று நான் சொல்ல வரவில்லை. தன் சாமியை டின்னுக்குள் வைத்து மூடுகிற அம்மாவைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மனசில் ஏதோ ஒன்று உடையத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாவத்தை அந்த அக்காவின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை. திருமுழுக்குப் பெற்றுக் கோயிலுக்குப் போய்வருகிறவர் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சாசனத்தின் மீது செய்யும் மோசடி என்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தர் வேலைக்கான வழக்கு அது. நீதிமன்றத்தால் அவ்வளவுதான் பார்க்க முடியும். விவிலியம் இன்னும் கொஞ்சம் பார்க்கிறது. தொழுநோய் நீங்கிய சிரியப் படைத்தலைவன் நாமான், இனி ஆண்டவரைத் தவிர வேறு தெய்வத்துக்குப் பலியிடுவதில்லை என்று எலிசாவிடம் சொல்கிறான். கூடவே ஒரு வேண்டுகோளும் வைக்கிறான்: அரசன் என் கையில் சாய்ந்தபடி ரிம்மோன் கோயிலுக்குள் போகும்போது நானும் குனிய வேண்டிவரும், ஆண்டவர் அதை மன்னிக்க வேண்டும் என்று. இறைவாக்கினர் அவனைத் திட்டவில்லை, வேலையை விடச் சொல்லவும் இல்லை. நிம்மதியாகப் போகச் சொல்லி அனுப்பினார். அக்காவின் வீட்டை விட்டு வந்ததிலிருந்து நான் அடிக்கடி படிக்கிற பகுதி அது.

சரி, வெளிப்படையாக வாழும் கடமை யாரிடம் தொடங்க வேண்டும்? இழக்க எதுவும் இல்லாதவர்களிடம். அதாவது என்னைப் போன்றவர்களிடம், முக்கியமாகத் திருச்சபையிடம். திருச்சபை தன் சாதியை மறைப்பது இன்று நேற்றல்ல. 1623இல் இயேசு சபைக் குரு, தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி இந்த மலையடிவாரத்துச் சேலத்துக்கு வந்தார். அவர் இருந்த மதுரை மிஷன், மேல்சாதியாருக்குப் பிராமண சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று 1640 வாக்கில் குருக்களையே இரண்டாகப் பிரித்துக்கொண்டது. அன்றைய சூழல் என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவருக்கு என்ன நியாயம்? நம் சபைக்குள் சாதி இல்லை என்று மேடையில் பேசிவிட்டுக் கல்லறையில் சுவர் வைத்ததைவிடவா அந்த அரிசி டின் பெரிய பொய்?

ஆகஸ்ட் 10ஐ ஆண்டுதோறும் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். அரசாங்கத்தை நோக்கி முழக்கம் போடுகிறோம். போட வேண்டியதுதான். மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையமே 2007இல் அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனால் 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டதே, அதை எத்தனை பேர் அறிவோம்? நான் கேட்ட எந்த ஞாயிறு மறையுரையிலும் அந்த ஆவணத்தின் பேச்சே வந்ததில்லை. ஒளிவுமறைவில்லாத வாழ்வைப் பற்றி அடுத்த முறை பேசப்போகிற சாமியார், அதைத் தமிழில், முழுசாக, லைன் வீட்டுக்காரர்களும் எஸ்டேட் முதலாளிமார்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் திருப்பலியில் வாசிக்கட்டும்.