கையெழுத்து சரி, ஆள் யார்?

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளின் ஆபீஸ் மேஜை டிராயரில் விரல் நீளத்துக்கு ஒரு யுஎஸ்பி டோக்கன் கிடக்கும். முதலாளியின் கையெழுத்துச் சாவி அதற்குள் இருக்கிறது. செருகி, பின் நம்பரைத் தட்டினால் போதும், அரசுக்குப் போகிற ஆவணத்தில் அவர் கையெழுத்து விழுந்துவிடும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அதைச் சட்டப்படி செல்லும் கையெழுத்தாக ஏற்கிறது.

கையைப் பார்க்காமல் கையெழுத்தை எப்படி நம்புவது? கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள்.

கணினியின் வழி இது. டெர்மினலைத் திறந்து, ஜிபிஜி என்ற கட்டளையோடு வெரிஃபை என்று சேர்த்து, கையெழுத்துக் கோப்பின் பெயரையும் மூலக் கோப்பின் பெயரையும் கொடுத்து எண்டர் தட்ட வேண்டும். மூலக் கோப்பில் ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் கையெழுத்து தவறு என்று பதில் வரும். எல்லாம் ஒத்துப்போனால் நல்ல கையெழுத்து என்று ஒரு வரி வரும். பலர் அதோடு திருப்திப்பட்டுத் திரையை மூடிவிடுகிறார்கள். அதற்குக் கீழே பெரும்பாலும் இன்னொரு எச்சரிக்கை இருக்கும்: கையெழுத்திட்ட சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. கணக்கு பொருந்துகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, ஆளைப் பற்றிய கேள்வியை அந்தக் கட்டளை மனிதரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த நேர்மை பெரிது.

திருவெண்ணெய்நல்லூர் சபை இந்த இடத்தைச் சரியாகக் கண்டுகொண்டது. சைவ அடியார் சுந்தரரை மணப்பந்தலில் தடுத்த ஒரு முதியவர், சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை என்று ஒன்றைக் காட்டுகிறார்; சுந்தரர் அதைக் கிழித்துப் போட, கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்று முதியவர் சபையில் நீட்டுகிறார். பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே சபையார் தீர்ப்புச் சொன்னதாகப் பெரியபுராணம் விவரிக்கிறது. வந்தவரே கொண்டுவந்த மாதிரியோடு ஒப்பிட்டிருந்தால் அது சோதனையே ஆகாது. கணினி உலகிலும் அப்படித்தான்: 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க வந்தவர்களைக் கெட்ட கோப்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள். தளமே களவு போன பிறகு, அதில் எழுதியிருக்கும் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை நம்பி என்ன பயன்?

சாவி உரியவருடையதுதான் என்று தெரிந்துவிட்டது, சரி. அவர் நல்லவரா?

இதற்கென்றே ஒரு துறையை வளர்த்தவர்கள், நபிமொழிகளை ஆராயும் ஹதீஸ் அறிஞர்கள். ஆம்பூரை அடுத்த உமராபாத்தில், தோல் வணிகரான காக்கா முகமது உமர் 1924-ல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாமில் அந்தக் கல்வி இன்றும் நடக்கிறது. ஒரு நபிமொழி வந்தால், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருக்கு முன்னால் யார் என்று அறிவிப்பாளர் தொடரை நபிகள் வரை பின்னோக்கிப் பார்க்கிறார்கள். இடையில் ஒரு கண்ணி விட்டுப்போகக் கூடாது. ஒவ்வொருவரும் நேர்மையானவரா, நினைவுப் பிசகு இல்லாதவரா என்று வாழ்க்கைக் குறிப்புகளைப் புரட்டுகிறார்கள். இவ்வளவும் தேறிய பிறகும் ஒரு கேள்வியை மிச்சம் வைத்தார்கள் என்பதுதான் வியப்பு. தொடர் பழுதில்லாமல் தெரிந்தாலும் உள்ளே மறைந்த குறை இருக்கக்கூடும். அதற்கு ‘இல்லத்’ என்று பெயர். தோல் ஷாப்பில் ரகம் பிரிக்கிறவர், பின்பக்கம் குத்திய சதுர அடிக் கணக்கைப் பார்த்துவிட்டு, பிறகும் முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பதைப் போன்ற எச்சரிக்கை அது.

2024 மார்ச்சில் உலகம் கண்டது அப்படி மறைந்த ஒரு குறையைத்தான். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் புதிய வெளியீட்டில் கள்ளக் கதவு இருந்தது. அதைப் பராமரித்தவர்களில் ஒருவரே, ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை சம்பாதித்து, தன் சொந்தச் சாவியால் கையெழுத்திட்டு வெளியிட்டிருந்தார். கட்டளை நல்ல கையெழுத்து என்றது. அது பொய்யும் அல்ல. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைப் பார்த்து, விடாமல் துருவியதால்தான் குட்டு உடைந்தது.

சோதிப்பது அவநம்பிக்கை என்று சிலர் தயங்குகிறார்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்வது குர்ஆனின் 49-ம் அத்தியாயம். முதியவரின் ஓலையை ஒப்பிட்டுப் பார்த்த சபையார் பக்தியில் குறைந்தவர்கள் அல்ல. கண்ணை மூடிக்கொள்வதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பதுதான் தவறு.

ஆம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அமானிதம் என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள் அது. கையெழுத்துச் சாவியும் அப்படிப்பட்டதுதான். அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ம் பிரிவு சொல்கிறது. டோக்கனையும் பின் நம்பரையும் ஆடிட்டர் ஆபீசிலோ ஏஜென்ட்டிடமோ விட்டுவைத்திருப்பவர்கள் இந்த வாரமே போய் வாங்கிக்கொள்ளுங்கள். பின் நம்பரையும் மாற்றிவிடுங்கள்.