சாரலுக்குப் பக்கத்தில்

குற்றாலத்தில் சாரல் கட்டினால் கடையநல்லூர்ப் பக்கமும் காற்று குளிர்ந்துவிடும். அங்கே போகநல்லூரில் இருக்கிறது இலங்கைத் தமிழர் முகாம்.

இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்தவர்களில் பலர் இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. முடிவு தெரியாதவர் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வார்? வாசலில் ஊன்றிய ஒரு முருங்கைப் போத்து. ஆணியில் தொங்கும் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. போத்து ஊன்றுகிறவர் காய்க்கும்வரை இருப்போம் என்று நம்புகிறார்.

1984இல் ஏதிலியரே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பிள்ளைகளின் படிப்பில் கவனம் வைத்தது. அதுதான் சரி. 2021இல் தமிழக அரசு இந்த முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, நல்ல காரியம். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்த பல பிள்ளைகளின் கையில் இன்னும் இருப்பது அகதி அட்டைதான்.